ஒரு மோட்டைச் சேர்ப்பதும் நீக்குவதும்: செந்தூல் வீட்டு மைன்கிராஃப்ட் சர்வர்

எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் மலேசியாவில் செந்தூல், கிள்ளான், ஈப்போ, பட்டர்வொர்த் என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள். அவர்கள் மாலையில் ஒன்றாகச் சேர்ந்து விளையாடுவதற்காக நான் வீட்டில் நடத்திவரும் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புச் சர்வரில் இப்போது நாற்பதுக்கும் மேற்பட்ட மோட்கள், அதாவது ஆட்டத்தை மாற்றும் துணை நிரல்கள், ஓடுகின்றன. இவற்றை நிறுவுவதற்கு ஆன உழைப்பு சொற்பம். நிறுவியவை ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வதற்கும், எல்லோருடைய கணினியிலும் ஒரே பட்டியல் இருக்கச் செய்வதற்கும், வேண்டாததை ஆட்ட உலகம் சிதையாமல் வெளியே எடுப்பதற்கும்தான் பெரும்பகுதி நேரம் போயிற்று. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பலவும் ‘மோட்ஸ் கோப்புறையில் போட்டுவிட்டுச் சர்வரை மறுபடி தொடங்குங்கள்’ என்பதோடு முடிந்துவிடுவதால், அதற்குப் பிறகு நடப்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

சர்வர் ஓடுவது புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவில் வாங்கிய, அலுவலகத்தில் பயன்படுத்திக் கழித்த ஒரு சிறு கணினியில். 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். இத்தகைய சர்வருக்குக் கணினி வாங்குகிறவர்கள் செயலியில் உள்ள கோர்களின் (கணக்கிடும் பகுதிகளின்) எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. மைன்கிராஃப்ட் சர்வரின் முக்கியச் சுழற்சி ஒரே திரெட்டில், அதாவது ஒரே வேலைச் சரத்தில், ஓடுவதால், ஒரு கோர் தனியாக எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதே ஆட்டத்தின் வேகத்தை முடிவுசெய்கிறது. அந்தச் சுழற்சி விநாடிக்கு 20 முறை, அதாவது 50 மில்லி விநாடிக்கு ஒரு டிக் என்ற கணக்கில் நடக்க வேண்டும். ஒரு டிக்கின் வேலை 50 மில்லி விநாடிக்குள் முடியவில்லையென்றால் மாடு நின்று நின்று நடக்கும், உடைத்த பிளாக் (ஆட்ட உலகம் கட்டப்பட்ட கனசதுரக் கட்டி) மீண்டும் முளைக்கும், பிள்ளைகள் ‘லேக் அடிக்குது’ என்று வாட்ஸ்அப்பில் முறையிடத் தொடங்குவார்கள். புதிய மோட் ஒவ்வொன்றும் இந்த 50 மில்லி விநாடியில் தன் பங்கைக் கேட்கிறது.

பதிப்பு எது என்பதை மோட்களே தீர்மானிக்கின்றன. 2023 ஜூனில் வெளியான 1.20.1-ஐ நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பெரிய மோட்கள் பலவும் அந்தப் பதிப்பில் நிலைகொண்டு, பிழைகள் திருத்தப்பட்டு முதிர்ந்திருந்தமைதான். அதற்கு ஜாவா 17 போதும். டெபியன் 12-இன் களஞ்சியத்தில் அதுவே இயல்பாகக் கிடைக்கிறது. 1.20.5 முதல் ஜாவா 21 தேவை என்பதால், பதிப்பை மாற்ற நினைப்பவர்கள் ஜாவாவையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அடுத்து, மோட்களை ஆட்டத்துக்குள் ஏற்றும் நிரலான மோட் லோடர். ஃபோர்ஜ், அதிலிருந்து 2023-இல் பிரிந்த நியோஃபோர்ஜ், ஃபேப்ரிக் என்ற மூன்றில் ஃபேப்ரிக்கை எடுத்தேன். பொதுவாக ஒரு லோடருக்கு எழுதப்பட்ட மோட் மற்றொன்றில் நேரடியாக ஓடாது. ஆகவே பிள்ளைகள் எந்த மோட்களைக் கட்டாயம் வேண்டும் என்கிறார்களோ, அவை எந்த லோடருக்கு இருக்கின்றன என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு லோடரை முடிவுசெய்வதே சரியான வரிசை. எது சிறந்த லோடர் என்ற விவாதத்தில் இறங்கினால் விடிந்துவிடும்.

நிறுவலை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சர்வருக்கென்று உள்நுழைவு உரிமையற்ற தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதன் கோப்புறையில் ஃபேப்ரிக்கின் சர்வர் ஜார் கோப்பை (ஜாவா நிரல் அடங்கிய கோப்பை) இறக்கி, ஒருமுறை ஓட்டினால் அது அசல் சர்வரைத் தானே இறக்கிக்கொண்டு, உரிம ஒப்பந்தக் கோப்பை எழுதிவிட்டு நின்றுவிடும். அந்தக் கோப்பில் ‘ஃபால்ஸ்’ என்றிருப்பதை ‘ட்ரூ’ என்று மாற்றிய பிறகே அடுத்த ஓட்டம் உலகத்தை உருவாக்கும். இந்த இடத்தில் எந்த மோட்டும் இல்லாமல் ஒரு மாலை முழுவதும் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. வெறும் சர்வரே தடுமாறினால் குறை கணினியிலோ இணைப்பிலோ இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். நினைவகத்திற்குத் தொடக்க அளவும் உச்ச அளவும் 6 ஜிபி என்று ஒரே எண்ணாகக் கொடுத்தேன். மீதியை இயங்குதளம் கோப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளப் பயன்படுத்திக்கொள்கிறது. இருக்கும் ராம் எல்லாவற்றையும் ஜாவாவுக்கே கொடுப்பது பயன் தராது. பயன்படாத நினைவகத்தை ஜாவா விடுவிக்கும் குப்பை சேகரிப்புக்கு ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம் பிடிக்கும் வாய்ப்பும் உண்டு.

மோட்களைச் சேர்க்கத் தொடங்கியபோது அவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டேன். சர்வரில் மட்டும் இருந்தால் போதும் என்பவை முதல் வகை: விலங்குகளின் நடமாட்டம், பிளாக்குகளின் கணக்கீடு போன்றவற்றை ஆட்டத்தின் போக்கு மாறாமலே விரைவாக்கும் லித்தியம், நினைவகப் பயன்பாட்டைக் குறைக்கும் ஃபெரைட்கோர், நிலத்தை முன்கூட்டியே உருவாக்கி வைக்கும் சங்க்கி, யார் எந்த பிளாக்கை உடைத்தார்கள் என்று பதிவுசெய்யும் லெட்ஜர், வேகத்தை அளக்கும் ஸ்பார்க். இரண்டு பக்கமும் ஒரே பதிப்பில் இருந்தே ஆக வேண்டியவை இரண்டாம் வகை. புதிய பிளாக், புதிய பொருள், புதிய விலங்கு எதைச் சேர்க்கும் மோட்டும் இதில் அடங்கும். சோடியம் போலத் திரையில் வரைவதை மட்டும் கவனிப்பவையும், வரைபடம் காட்டுபவையும் மூன்றாம் வகை; அவற்றுக்குச் சர்வரில் வேலையில்லை.

ஒழுங்காக எழுதப்பட்ட ஃபேப்ரிக் மோட் ஒவ்வொன்றும், தான் எந்தப் பக்கத்திற்கு உரியது என்பதைத் தன் ஜாருக்குள் இருக்கும் ஜேசன் கோப்பில் சொல்லியிருக்கும். ‘கிளையன்ட்’ (விளையாடுபவரின் கணினி) என்று சொல்லியிருந்தால், தவறிச் சர்வர் கோப்புறையில் விழுந்தாலும் லோடர் அதை ஏற்றாமல் கடந்துவிடும். சொல்லாமல் விட்ட மோட்கள்தாம் தொல்லை. சர்வர் தொடங்கிச் சில விநாடிகளில் சரிந்து, லாக்கில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) ‘சர்வர் என்ற சூழலில் கிளாஸ்_310-ஐ ஏற்ற முடியாது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் பதற வேண்டியதில்லை. ஃபேப்ரிக்கின் இடைநிலைப் பெயர்களில் கிளாஸ்_310 என்பது விளையாடுபவரின் பக்கத்து முதன்மை நிரல். திரையே இல்லாத சர்வரில் யாரோ அதைத் தேடுகிறார்கள் என்பதுதான் செய்தி. அந்த வரிக்குக் கீழே, நிரல்கள் ஒன்றையொன்று அழைத்த வரிசையைக் காட்டும் அடுக்கை நிதானமாக வாசித்துக்கொண்டு போனால், மைன்கிராஃப்டுக்கும் ஜாவாவுக்கும் ஃபேப்ரிக்குக்கும் உரியதல்லாத முதல் பெயர் எதுவோ, அதுவே பெரும்பாலும் குற்றவாளி. சரிவு அறிக்கையின் நீளத்தைப் பார்த்து மிரண்டு போகிறவர்கள், படிக்க வேண்டிய வரிகள் அதில் ஐந்தாறுதான் என்பதை ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு அஞ்ச மாட்டார்கள்.

சார்புகளும், அதாவது ஒரு மோட் ஓடுவதற்குத் தேவையான பிற மோட்களும், இப்படியே. பெரும்பாலான ஃபேப்ரிக் மோட்களுக்கு ஃபேப்ரிக் ஏபிஐ என்ற மோட் அடித்தளமாக வேண்டும். லெட்ஜர் கோட்லின் மொழியில் எழுதப்பட்டிருப்பதால் அதற்கென்று கோட்லின் ஆதரவு மோட் தனியாக வேண்டும். இவை இல்லாதபோது லோடர் தொடக்கத்திலேயே நின்று, எந்த மோட்டுக்கு எது, எந்தப் பதிப்பிலிருந்து வேண்டும் என்று தெளிவாக எழுதிவிடுகிறது. இது நல்ல வகைப் பிழை. உலகத்தைத் தொடுவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

இதைவிடக் கடினமானது, தனித்தனியாக நன்றாக ஓடி, சேர்ந்தால் மட்டும் சரியும் இரண்டு மோட்களைக் கண்டுபிடிப்பது. ஃபேப்ரிக் மோட்கள் மிக்ஸின் என்ற உத்தியால் ஆட்டத்தின் அசல் நிரலுக்குள் தங்கள் வரிகளைச் செருகுகின்றன. இரண்டு மோட்கள் ஒரே இடத்தைத் தங்களுக்கென்று மாற்றி எழுத முயன்றால் ஒன்று தோற்கும். சில நேரம் லாக்கிலேயே மிக்ஸின் தோல்வி என்று மோட்டின் பெயரோடு வரும். வராதபோது பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை: நாற்பதில் இருபதை ஒதுக்கி ஓட்டுவது, சரிந்தால் உள்ளே இருக்கும் இருபதில் பத்தை ஒதுக்குவது, சரியாமல் ஓடினால் ஒதுக்கியவற்றைப் பாதியாக உள்ளே எடுப்பது. கணக்குப்படி நாற்பது மோட்களுக்கு ஆறு ஓட்டங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். நடைமுறையில் சார்பு மோட்கள் குறுக்கே வரும். ஃபேப்ரிக் ஏபிஐ போன்ற அடித்தள மோட்களை எந்தப் பாதியிலும் சேர்க்காமல் எப்போதும் உள்ளேயே வைத்திருந்தால் குழப்பம் குறைகிறது. மோதுபவை இரண்டு என்பதால் அவை வெவ்வேறு பாதிகளுக்குப் பிரிந்து, இரண்டு பாதியும் ஒழுங்காக ஓடி ஏமாற்றுவதும் உண்டு. அப்போது ஒரு பாதியை முழுதாக வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் நறுக்க வேண்டும். இந்தச் சோதனையை உண்மையான உலகத்தில் ஒருபோதும் செய்யக்கூடாது என்பதற்கான காரணம் பின்னால் வருகிறது.

பிள்ளைகளின் கணினிகளை ஒரே நிலையில் வைத்திருப்பது அடுத்த சிக்கல். ‘மாமா, எனக்கு மட்டும் உள்ளே போக முடியலை’ என்று ஈப்போவிலிருந்து அக்காள் மகள் அனுப்பும் திரைப்பிடிப்பில், தன் கணினிக்குத் தெரியாத பதிவுகள் சர்வரிலிருந்து வந்திருப்பதாகவும், அவை எந்த மோட்டின் பெயரைச் சேர்ந்தவை என்பதும் இருக்கும். அவளிடம் அந்த மோட் இல்லை, அல்லது வேறு பதிப்பு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஜார் கோப்புகளை அனுப்பிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எந்தக் கோப்பு எந்தப் பதிப்பு, யார் அனுப்பியது, பழையதை அழித்தார்களா என்பது விரைவில் யாருக்குமே தெரியாமல் போய்விடும். பழையதும் புதியதுமாக ஒரே மோட்டின் இரண்டு ஜார்கள் ஒரே கோப்புறையில் கிடப்பதே நான் கண்ட பெரும்பாலான ‘உள்ளே போக முடியலை’களின் காரணம்.

இதற்கு பேக்விஸ் என்ற கட்டளைவரிக் கருவி நிரந்தரத் தீர்வாக அமைந்தது. அது மோட்டின் ஜாரை வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு மோட்டுக்கும் ஒரு சிறிய உரைக்கோப்பை மட்டும் எழுதுகிறது: பெயர், இறக்க வேண்டிய முகவரி, கோப்பு மாறவில்லை என்பதைச் சரிபார்க்கும் ஹாஷ், எந்தப் பக்கத்திற்கு உரியது. இந்த உரைக்கோப்புகள் எல்லாம் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் இருக்கின்றன. ஆகவே எந்த நாளில் எந்த மோட் எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறியது என்பதை ஒரே கட்டளையில் பார்க்க முடிகிறது. பிள்ளைகளின் கணினியில், ஆட்டத்தைத் திறக்கும் பிரிஸம் லாஞ்சரில், ஆட்டம் தொடங்குமுன் ஓட வேண்டிய கட்டளை என்ற இடத்தில் பேக்விஸின் சிறிய நிறுவியையும் எங்கள் பட்டியலின் முகவரியையும் ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். ஒவ்வொரு முறை ஆட்டத்தைத் திறக்கும்போதும் அது பட்டியலோடு ஒப்பிட்டு, மாறியதை இறக்கி, தான் முன்பு இறக்கியவற்றில் பட்டியலிலிருந்து நீங்கியதை அழித்துவிடும். சர்வரிலும் அதே நிறுவி, ‘சர்வர் பக்கம்’ என்ற குறிப்போடு ஓடுகிறது. ஆகவே சோடியம் அங்கே இறங்குவதே இல்லை. எந்த மோட்டை இப்போதைக்குப் புதுப்பிக்கக் கூடாதோ அதற்குப் ‘பின்’ குத்திவைக்கலாம். எல்லாவற்றையும் மொத்தமாகப் புதுப்பிக்கும்போது அது அசையாது. கைப்பேசியில் விளையாட ஆசைப்படும் கடைக்குட்டிக்கு மட்டும் இதில் இடமில்லை. கைப்பேசியில் ஓடும் பெட்ராக் பதிப்பில் ஜாவா மோட்கள் ஓடா. அவன் கோபம் இன்னும் தணியவில்லை.

இணைப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டு ரௌட்டருக்குக் கிடைத்த வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டதாக இருந்தால், உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். அப்போது ரௌட்டரில் எந்தப் போர்ட்டை (இணைப்பு வாயிலை) திறந்தும் பயனில்லை. நான் சிங்கப்பூரில் ஒரு சிறிய வாடகைச் சர்வரை எடுத்து, வீட்டுக் கணினியிலிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற மறையாக்க இணைப்புச் சுரங்கம் அமைத்தேன். பிள்ளைகள் சிங்கப்பூர் முகவரிக்கு வருகிறார்கள், ஆட்டம் செந்தூலில் நடக்கிறது. மைன்கிராஃப்டுக்கு டிசிபி போர்ட் 25565 போதும். ஆனால் ஆட்டத்துக்குள் பேச உதவும் சிம்பிள் வாய்ஸ் சாட் மோட்டுக்கு யூடிபி போர்ட் 24454 தனியாக வேண்டும். அதை மறந்தால் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள், குரல் மட்டும் கேட்காது. இந்த ஏற்பாட்டில் இன்னொரு விளைவும் உண்டு. முகவரியை மாற்றி அனுப்பும் விதத்தைப் பொறுத்து, எல்லா விளையாட்டாளர்களும் ஒரே ஐபி முகவரியிலிருந்து வருவதாகச் சர்வருக்குத் தெரியலாம். எனவே யாரையாவது ஐபி வழியாகத் தடைசெய்தால் குடும்பமே வெளியே நிற்கும். பெயர் வழியான அனுமதிப் பட்டியலே எங்களுக்குப் பாதுகாப்பு.

பாதுகாப்பு என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். மோட் என்பது ஜாவா நிரல். அதை ஓட்டும் பயனருக்கு உள்ள உரிமை எல்லாம் அதற்கும் உண்டு. 2023 ஜூனில், மோட்களைப் பகிரும் கர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் சிலரது கணக்குகள் கைப்பற்றப்பட்டு, ஃப்ராக்சரைசர் என்று பெயரிடப்பட்ட தீநிரல் புகுத்தப்பட்ட மோட்கள் பரவின. அதற்கு முன் 2021 டிசம்பரில், லாக்4ஜே நூலகத்தின் ஓட்டையால், அரட்டைப் பெட்டியில் ஒரு வரியைத் தட்டினாலே சர்வரில் நிரல் ஓட்டக்கூடிய நிலை இருந்தது. அதனால் சர்வர் தனிப் பயனர் கணக்கில், பிற வீட்டுக் கோப்புறைகளைப் பார்க்க முடியாதபடி, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கட்டுப்பாடுகளோடு ஓடுகிறது. மோட்ரின்த், கர்ஸ்ஃபோர்ஜ் தவிர வேறு எங்கிருந்தும், குறிப்பாக ‘இலவசமாக இறக்குங்கள்’ என்று மறுபதிப்பிடும் தளங்களிலிருந்து, எதையும் எடுப்பதில்லை. புதுப்பிப்பு வெளியான அன்றே அதை ஏற்றுவதும் இல்லை. சில நாள் ஆறட்டும் என்று விடுகிறேன்.

இனி நீக்குவதற்கு வருகிறேன். ஒரு மோட்டைச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். அதை நீக்குவது உலகத்தைப் பற்றிய முடிவு. 1.13 பதிப்பு முதல், உலகக் கோப்புகளில் பிளாக்குகள் எண்ணாக அல்லாமல் பெயராகவே பதிவாகின்றன: இன்ன மோட், அதற்குள் இன்ன பிளாக். அந்த மோட்டை எடுத்துவிட்டுச் சர்வரைத் தொடங்கினால், நிலத்தின் 16-க்கு 16 பரப்புள்ள ஒரு துண்டு ஏற்றப்படும்போது, தெரியாத பெயர் வரும் இடத்தில் எல்லாம் ஆட்டம் காற்றை வைத்துவிடுகிறது. லாக்கில் ‘மீட்கக்கூடிய பிழை’ என்ற தோரணையில் ஒரு வரி வரும். அந்தச் சொல்லை நம்பிவிடக் கூடாது. துண்டு மறுபடி சேமிக்கப்பட்டதும் காற்றே நிலையாகிறது. பிறகு மோட்டைத் திரும்பப் போட்டாலும் சுவர் திரும்பாது. பெட்டிக்குள் இருக்கும் பொருட்களும், விளையாட்டாளர் தோளில் சுமப்பவையும் அதே கதிக்கு ஆளாகின்றன. பாதிப் பாதியாகப் பிரிக்கும் சோதனையை உண்மை உலகத்தில் செய்யக்கூடாது என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். ஒதுக்கிவைத்த மோட்டின் பிளாக்குகள் அந்தச் சில நிமிடங்களிலேயே, விளையாட்டாளர்கள் நிற்கும் பகுதியிலிருந்து மறையத் தொடங்கிவிடும்.

எங்களிடம் வீட்டுத் தளவாடங்களைச் சேர்க்கும் ஒரு மோட் இருந்தது. அதை எழுதியவர் கைவிட்டுவிட்டார். ஃபேப்ரிக் ஏபிஐயின் புதிய பதிப்போடு அது ஒத்துப்போகவில்லை. அதற்காக மற்ற மோட்களையும் பழைய பதிப்பில் கட்டிவைக்க வேண்டியதாயிற்று. நீக்கலாம் என்று குடும்பக் குழுவில் அறிவித்ததும் ஈப்போ மருமகளிடமிருந்து உடனே எதிர்ப்பு வந்தது. ஆற்றங்கரையில் அவள் கட்டியிருந்த வீட்டில் அடுப்பங்கரை முழுவதும் அந்த மோட்டின் அலமாரிகள். ஒவ்வோர் அலமாரியிலும் கதவு, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் அவள் சேர்த்துவைத்த விதைகள், சாயங்கள், பெயர் பொறித்த வாள்கள். அசல் ஆட்டத்தில் இவ்வளவு அழகான அடுப்பங்கரை கிடையாது என்பது உண்மைதான். அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால், எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துக் காலி செய்து தருவேன் என்று ஒப்புக்கொண்டேன்.

முதலில் உலகத்தின் நகல் ஒன்றை எடுத்து, எம்சிஏ செலக்டர் என்ற கருவியில் திறந்தேன். அந்த மோட்டின் பிளாக் பெயர்கள் உள்ள துண்டுகளை மட்டும் வடிகட்டிக் காட்டும்படி அதற்குச் சொல்லலாம். வரைபடத்தில் ஈப்போ மருமகளின் வீடு மட்டும் ஒளிரும் என்று எதிர்பார்த்த இடத்தில், கிள்ளான் பையன்களின் சுரங்க வாயிலும், தூரத்து மலையுச்சியில் யாரும் உரிமை கோராத ஒரு கூடாரமும், ஏன், கடலுக்கு நடுவே ஒரு நாற்காலியும் சேர்ந்து தெரிந்தன. ஆயங்களைப் பட்டியலிட்டுக் குழுவில் போட்டேன். பள்ளி விடுமுறையில் ஒரு மாலை, தாமானில் (குடியிருப்பில்) கோத்தோங் ரோயோங் என்ற கூட்டு வேலை நடப்பதுபோல எல்லோரும் கூடி, ஆளுக்கு இரண்டு மூன்று இடமாகப் பங்கிட்டு, அலமாரிகளைக் காலி செய்து, அசல் ஆட்டத்தின் பீப்பாய்களையும் பெட்டிகளையும் அந்த இடத்தில் வைத்தார்கள். கடல் நடுவே கிடந்த நாற்காலி யாருடையது என்பதை லெட்ஜர் சொல்லிக்கொடுத்தது. கைப்பேசிக் கடைக்குட்டியின் அண்ணன். அன்றிரவு மறுபடியும் ஒரு நகலில் தேடி, எதுவும் மிச்சமில்லை என்று உறுதிசெய்த பிறகே பட்டியலிலிருந்து அந்த மோட்டை எடுத்தேன். சேமிப்பிலிருந்த விளையாட்டாளர் கோப்புகளில், யாருடைய தோள் பையிலும், எண்டர் பெட்டி என்ற தனிச் சேமிப்புப் பெட்டியிலும் அந்தப் பொருட்கள் இல்லை என்பதைப் பார்ப்பதும் இதில் அடங்கும். அன்று வராத பிள்ளையின் பையை மறந்துவிடக் கூடாது.

நிலத்தை உருவாக்கும் மோட்களுக்கு இதைவிடக் கடுமையான விதி வைத்திருக்கிறேன்: உலகம் தொடங்கும் நாளில் முடிவுசெய்வது, அதன் பிறகு தொடுவதில்லை. நடுவில் சேர்த்தால் பழைய நிலத்துக்கும் புதிய நிலத்துக்கும் இடையே கத்தியால் வெட்டியதுபோல் ஒரு செங்குத்து விளிம்பு வந்துவிடுகிறது. சங்க்கியைக் கொண்டு மையத்திலிருந்து நான்கு திசைகளிலும் 3,000 பிளாக் தூரத்தை முதலிலேயே உருவாக்கிவைத்தேன். அது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் துண்டுகளுக்கு மேல் வருகிறது; வட்டில் இடம் பிடித்தாலும், புதிய நிலத்தைத் தேடி யாராவது பறந்தோடும்போது மற்றவர்களுக்கு ஆட்டம் தடுமாறுவது இதனால் நின்றது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது காப்பு நகல். கோலாலம்பூரில் பிற்பகல் இடி மின்னல் எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டுப் பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்தால் சர்வரும் விழும். ஒரு சிறிய யுபிஎஸ்ஸை யூஎஸ்பி வழியாக இணைத்திருக்கிறேன். மின்கலம் குறையத் தொடங்கியதும் அது கணினியை முறையாக அணைக்கச் சொல்கிறது. நிறுத்தும் குறிப்பு வந்ததும் மைன்கிராஃப்ட் உலகத்தைச் சேமித்துவிட்டே வெளியேறும். ஆனால் சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடி மட்டுமே காத்திருந்துவிட்டுப் பிறகு பலவந்தமாகக் கொன்றுவிடும் என்பதால், அந்த வரம்பை 180 ஆக்கினேன். தினசரி நகலுக்கு முன்னால் சர்வருக்குத் தொலைவிலிருந்து கட்டளை அனுப்பும் ஆர்கான் வழியாகச் சேமிப்பை நிறுத்தி, நினைவில் உள்ளதை எல்லாம் வட்டில் எழுதச் சொல்லி, கோப்புகளை நகலெடுத்து, மறுபடி சேமிப்பைத் திறந்துவிடும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. சேமிப்பை நிறுத்தாமல் ஓடும் உலகத்தை அப்படியே நகலெடுத்தால், ஒரு கோப்பு பழைய நொடியிலும் இன்னொன்று புதிய நொடியிலும் இருக்கும். உலகத்தோடு மோட் பட்டியலின் கிட் எண்ணும் சேர்ந்தே காப்பில் போகிறது. எந்த மோட்களோடு ஓடியது என்று தெரியாத உலக நகலைத் திரும்பக் கொண்டுவந்தால், மேலே சொன்ன காற்று வேலை அங்கேயும் நடக்கும்.

வேகம் குறையும்போது மோட்களின் மேல் பழி போடுவது எளிது. ஸ்பார்க்கை ஐந்து நிமிடம் அளக்கவிட்டுப் பார்த்தால் பல நேரம் காரணம் வேறாக இருக்கிறது. தைப்பூச விடுமுறையில் எல்லோரும் உள்ளே வந்திருந்தபோது, ‘சர்வரால் ஈடுகொடுக்க முடியவில்லை, 40 டிக் பின்தங்கிவிட்டது’ என்ற பொருள்பட லாக்கில் வரி வரியாக வந்தது. புதிதாகச் சேர்த்த சமையல் மோட்தான் என்று பிள்ளைகள் உறுதியாகச் சொன்னார்கள். அறிக்கையில் அந்த மோட்டின் பங்கு மிகச் சிறியது. பெரும்பங்கு, கிள்ளான் பையன்கள் ஒரே குழிக்குள் பெருக்கிவைத்திருந்த கோழிகளுக்குப் போயிருந்தது. கோழிகளைக் குறைத்தும், விளையாட்டாளரைச் சுற்றி ஆட்டம் கணக்கிடும் தூரத்தை இயல்பான 10 துண்டுகளிலிருந்து 6 ஆக்கியும், டிக் நேரம் மறுபடி 50 மில்லி விநாடிக்குள் வந்தது.

இப்போதைய நடைமுறை இது. அதே கணினியில், வேறு போர்ட்டில், முந்தைய இரவின் காப்பு நகலிலிருந்து ஒரு சோதனைச் சர்வரை எழுப்பி, பேக்விஸின் தனிக் கிளையில் புதுப்பிப்புகளை அங்கே ஏற்றுகிறேன். லாக்கில் புதிய எச்சரிக்கைகள் உள்ளனவா என்று பழைய லாக்கோடு ஒப்பிட்டு, ஈப்போ மருமகளின் வீடு, சுரங்க வாயில், கோழிக் குழி ஆகிய மூன்று இடங்களுக்கும் போய் நின்று பார்க்கிறேன். பள்ளி நாட்களில் உண்மைச் சர்வரைத் தொடுவதில்லை. புதுப்பிப்பு விடுமுறைத் தொடக்கத்தில் மட்டும். 1.21-க்கு மாறலாமா என்று கிள்ளான் பையன்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் பயன்படுத்தும் இரண்டாம் வகை மோட்களில் எவை அந்தப் பதிப்புக்கு வந்திருக்கின்றன, எவை வரவில்லை என்ற பட்டியலை எடுத்துவைத்திருக்கிறேன். வராதவற்றின் பிளாக்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை எம்சிஏ செலக்டரில் தேடும் வேலை அடுத்த விடுமுறைக்கு.